அமெரிக்க சிவில் உரிமைத் தலைவர்களின் பழைய பேட்டிப் படங்களில் எதை முதலில் பார்க்கலாம்?

மார்ட்டின் லூதர் கிங்கின் 'கனவு' உரையைத் தவிர வேறெதுவும் பார்த்ததில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் இருந்தேன். அந்த உரையில் எதிரே இரண்டரை லட்சம் பேர் நிற்கிறார்கள். பேட்டியில் எதிரே இருப்பவர் ஒருவர்தான். அவர் யார், என்ன கேட்கிறார் என்று கவனிக்கத் தொடங்கிய பிறகே இந்தப் படங்கள் எனக்குப் பிடிபட்டன.

ஜேம்ஸ் பால்ட்வினிடமிருந்து தொடங்குங்கள். அவர் எழுத்தாளர்தானே, தலைவர் இல்லையே என்பீர்கள். இருக்கட்டும். 1963 மே 24, நியூயார்க். பாஸ்டன் பொதுத் தொலைக்காட்சியின் ஒரு தொடருக்காக அவரைப் பேட்டி காண்பவர் கென்னத் கிளார்க். கறுப்பின உளவியலாளர்; அவரும் மனைவி மேமியும் பொம்மைகளை வைத்துக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு, பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1954 தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. அன்று இருவரும் அப்போதைய அமெரிக்க அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடியுடன் கசப்பாக முடிந்த ஒரு சந்திப்பிலிருந்து நேராக ஸ்டுடியோவுக்கு வந்திருக்கிறார்கள். பால்ட்வினுக்கு மனம் அங்கேயே நிற்கிறது; அதை வாய்விட்டும் சொல்லிவிடுகிறார். கிளார்க் அரசியலைத் தொடவில்லை. எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று கேட்கிறார். 24-ஆம் எண் பள்ளி, பிறகு 139 என்கிறார் பால்ட்வின். 139-இல் நானும் படித்தேன் என்கிறார் கிளார்க். நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் வளர்ந்த இரண்டு பையன்கள் பேசிக்கொள்வதுபோல் ஆகிவிடுகிறது அந்த இடம். பிறகுதான் கோபம் வருகிறது. உயிரோடு இருப்பதால் நம்பிக்கை வைக்கக் கட்டாயப்பட்டிருக்கிறேன் என்ற சொல்லும், எங்களை இழிவாக அழைக்க ஓர் ஆள் வெள்ளையர்களுக்கு எதற்குத் தேவைப்பட்டான் என்ற கேள்வியும் வருகின்றன. அவர் வேகத்துக்கு என் ஆங்கிலம் ஈடுகொடுக்கவில்லை. மூன்று முறை பார்த்தேன்.

அதே தொடருக்காக, கிங்கின் அகிம்சை வழியை ஏற்காத கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸையும் கிங்கையும் கிளார்க் தனித்தனியே சந்தித்தார். மால்கம் கிங்கை ஏளனம் செய்கிறார். அந்த விமர்சனத்தைக் கிளார்க் முன்வைக்கும்போது, நான் சொல்லும் அன்பு பலவீனமான உணர்ச்சி அல்ல என்று கிங் நிதானமாக விளக்குகிறார். இருவருமே 39 வயதில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அடுத்தது 1967 மே மாதம், அட்லாண்டாவில் கிங்கின் எபனேசர் தேவாலயத்தில் என்பிசி தொலைக்காட்சி எடுத்த பேட்டி. செய்தியாளர் சாண்டர் வானோகர், மற்றக் குடியேறிகள் எல்லாம் முன்னேறினார்களே, நீக்ரோக்களுக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்ற பொருளில் கேட்கிறார். நமக்கும் பழகிய கேள்விதான், ஊரும் பெயரும்தான் வேறு. வேறு எந்த இனமும் இந்த மண்ணில் அடிமையாக இருந்ததில்லை என்று தொடங்குகிறார் கிங். விடுதலை தந்தவர்கள் நிலம் தரவில்லை. அதே காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்த வெள்ளை விவசாயிகளுக்கு ஏக்கர் ஏக்கராக வழங்கினார்கள். உன் பூட்ஸ் வாரைப் பிடித்து நீயே எழுந்து நில் என்பது அமெரிக்க வழக்கு. பூட்ஸே இல்லாதவனிடம் அதைச் சொல்வது கொடுமை என்கிறார்.

மூன்றாவது, 1972-இல் கலிபோர்னியச் சிறையில் ஸ்வீடன் தொலைக்காட்சி எடுத்த ஏஞ்சலா டேவிஸ் பேட்டி. கறுப்பினப் போராளியான அவர் அப்போது கொலை வழக்கில் விசாரணைக் கைதி. வன்முறையை ஆதரிக்கிறீர்களா என்று கேட்கிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் கனமானது. அவர் பிறந்த பர்மிங்ஹாமில் 1963 செப்டம்பரில் வெள்ளை இனவெறியர்கள் நடத்திய தேவாலயக் குண்டுவெடிப்பில் நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி அவருடைய அம்மாவிடம் படித்தவள். அதைச் சொல்லிவிட்டு, என்னிடம் வன்முறையைப் பற்றிக் கேட்கிறீர்களா என்கிறார். குரல் உயரவில்லை. அந்த ஆண்டு ஜூனில் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது.

பால்ட்வின் பேட்டியை முழுதாகத் தேடி எடுத்துப் பாருங்கள். எனக்கு வந்து சேர்ந்த துணுக்குகள் எல்லாம் கடைசி இரண்டு நிமிடங்கள்தான். 139-ஆம் எண் பள்ளி எதிலும் இல்லை.