அபராதம் போட்டும் தாமதம் கூடுவது ஏன்?

கேள்வி: 40 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருக்கிறேன். காலை 8.30 மணிக்குப் பிறகு வந்தால் 50 ரூபாய் அபராதம் என்று மூன்று மாதங்களுக்கு முன் அறிவித்தோம். அதன் பிறகு தாமதமாக வருபவர்கள் இன்னும் கூடிவிட்டார்கள். அபராதத்தை 100 ரூபாயாக உயர்த்தலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: உயர்த்த வேண்டாம். இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தின் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில், யூரி நீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்னும் பொருளியலாளர்கள் 20 வாரங்கள் நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாலையில் பிள்ளையை அழைத்துப்போக 10 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று ஆறு காப்பகங்களில் அறிவித்தார்கள்; சில வாரங்களில் அங்கே தாமதமாக வரும் பெற்றோர் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டனர். ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களுள் எனக்கு முக்கியமாகப் படுவது இது: அதுவரை, தமக்காகக் காத்திருக்கும் ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூசி விரைந்து வந்தவர்களுக்கு, அபராதம் வந்தபின் அந்தக் கூடுதல் நேரம் காசு கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. 17ஆம் வாரத்தில் அபராதத்தை நீக்கிய பிறகும் தாமதம் குறையவில்லை.

அந்தப் பெற்றோர் கூலிக்கு வேலை செய்பவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனாலும் 50 ரூபாயைக் கொடுத்தவுடன் கணக்குத் தீர்ந்தது என்று உங்கள் தொழிலாளரும் நினைக்கத் தொடங்கியிருக்கலாம். கணக்கு அங்கே தீர்வதில்லை என்பது உங்களுக்கே தெரியும். துணியின் ஓரத்தைத் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் ஒருவர் இல்லாவிட்டால், அடுத்த தையலுக்காகப் பவர் டேபிளில் இருப்பவருக்குப் பீஸ் வந்து சேராது. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்கு, வேலை செய்பவராக இருந்தால் அவருடைய அன்றைய கூலியும் குறையும். இதைத் தாமதமாக வந்தவரிடம், மற்றவர்கள் முன்னால் அல்லாமல், தனியே சொல்லுங்கள். சொல்வதற்கு முன் காரணத்தைக் கேளுங்கள். பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓடிவரும் தாய்க்கும் டவுன் பஸ்ஸைத் தவறவிட்டவருக்கும் எந்த அபராதமும் நேரத்தைக் கூட்டித் தராது. 15 நிமிடம் தள்ளித் தொடங்கி, அதே அளவு தள்ளி முடிக்கும் ஏற்பாடு தரக்கூடும். ஹைஃபாவைப் பார்த்தால், அபராதத்தை நீக்கினால் மட்டும் போதாது. இந்தப் பேச்சை நீங்கள் நாள்தோறும் பொறுமையோடு நடத்த வேண்டியிருக்கும்.

சட்டத்தையும் கவனியுங்கள். 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் வகுத்த வரம்பையே 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் கொண்டிருக்கிறது: ஒரு சம்பளக் காலத்தில் விதிக்கும் மொத்த அபராதம், அந்தக் காலத்துக்கான ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, தொழிலாளரின் விளக்கத்தைக் கேட்காமல் விதிக்கவும் கூடாது. பிடித்த தொகை தொழிலாளரின் நலனுக்கே செலவிடப்பட வேண்டும். இந்த மூன்று மாதத் தொகை அபராதப் பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று முதலாளியிடம் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.