கிளாஸ்ல டெக்னாலஜி ப்ராஜெக்ட்: நீங்க கேட்டதுக்கு என் பதில்

உசிலம்பட்டி டீச்சர்: அக்கா, ப்ராஜெக்ட் குடுத்தா பிள்ளைக நெட்ல இருந்து அள்ளி பவர்பாயின்ட்ல ஒட்டிட்டு வந்துர்றாங்க. யோசிக்க வைக்கிற மாதிரி ஒண்ணு சொல்லுங்களேன்.

தலைப்பு குடுத்தா ஒட்டத்தான் செய்வாங்கம்மா, கேள்வியா குடுங்க, அதுவும் நெட்ல பதில் கிடைக்காத உள்ளூர் கேள்வியா இருக்கணும். நான் எட்டாங்கிளாஸ்ல "நம்ம கண்மாய் சுருங்கிருச்சா?"ன்னு குடுத்தேன். கூகுள் எர்த் ப்ரோ ஃப்ரீதான், அதுல கடிகாரம் மாதிரி இருக்குற பட்டன அமுக்குனா அதே இடத்தோட பழைய சாட்டிலைட் படமெல்லாம் வரிசையா வரும். ரெண்டு படத்தப் பாத்ததும் ஒரு குரூப்பு "தண்ணி பாதியாயிருச்சு"ன்னு முடிவே எழுதிட்டாங்க. அப்ப பின்னாடி பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு எந்திரிச்சு "அது டிசம்பர் படம், இது மே மாசப் படம், மே மாசத்துல எந்தக் கண்மாயில தண்ணி நிக்கும்?"னு கேட்டா பாருங்க, கிளாஸே ரெண்டாப் பிரிஞ்சிருச்சு. நமக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையிலதான, அதனால ஒரே மாசத்துப் படங்களா எடுப்போம்னாங்க, இன்னொருத்தன் "அந்த வருசம் மழையே கம்மியா இருந்தா?"ன்னான், கடைசில தண்ணிய அளக்குறத விட்டுட்டு கரைக்குள்ள புதுசா என்ன கட்டடம் வந்துருக்குன்னு எண்ணலாம்னு அவங்களே முடிவு பண்ணாங்க. நான் ஒரு வார்த்தை சொல்லல. வண்டியூர், மாடக்குளம்னு உங்க பிள்ளைகளுக்குத் தெரிஞ்ச கண்மாய் எதை வேணா எடுத்துக்கங்க.

மேலூர் பக்கம் ஒரு சார்: பிள்ளைக 42 பேரு, லேப்டாப் ஒண்ணே ஒண்ணு. இதுல என்ன மேடம் செய்ய?

நல்லாவே செய்யலாம் சார். அமெரிக்காவுல இருக்குற எம்ஐடி யுனிவர்சிட்டில 2007ல வெளியிட்ட ஸ்க்ராட்ச் இருக்குல்ல, கட்டளைக் கட்டங்கள அடுக்கி திரையில ஒரு பூனைய நகத்துற சாஃப்ட்வேர், ஒருவாட்டி ஏத்திட்டா நெட் இல்லாமலும் ஓடும். கட்டளைய எல்லாரும் முதல்ல நோட்டுல எழுதட்டும், ஓட விடுறதுக்கு முன்னாடி "பூனை எங்க போய் நிக்கும்?"னு ஒவ்வொரு குரூப்பும் எழுதிக் குடுக்கணும், அப்புறம்தான் ஓட்டிக் காமிங்க. பதில் தப்பாப் போன குரூப்பு எந்த வரில சறுக்குனோம்னு தேடும் பாருங்க, யோசனையெல்லாம் அங்கதான் நடக்குது.

திருநகர்ல இருந்து ஒரு அம்மா: பையன் ஏழாவது. ரோபோ கிட் வாங்கித் தரவா?

இப்ப வேணாம்மா. மேனுவலப் பாத்து மாட்டி முடிச்சதும் பரண்ல ஏறிரும். வீட்டுல மல்லிகைச் செடி இருக்கா? ஒரு அர்டுயினோ போர்டும் (நாம எழுதுற புரோகிராம் ஓடுற குட்டி சர்க்யூட் போர்டு) மண் ஈரம் பாக்குற சென்சாரும் போதும், "எப்ப தண்ணி ஊத்தணும்?"னு அவனையே கண்டுபிடிக்கச் சொல்லுங்க. அந்த விலை கம்மி சென்சார்ல எந்நேரமும் கரண்ட் ஓடுனா ஈர மண்ணுல அதோட கால் ரெண்டும் அரிச்சு, நாளாக நாளாக ரீடிங் தப்பாக் காட்டும். முன்கூட்டியே சொல்லிறாதீங்க. மண்ணு ஈரமாத்தான் இருக்கு, மீட்டர் காஞ்சிருச்சுங்குதுன்னு அவனுக்கே சந்தேகம் வரட்டும், அளக்குற நேரம் மட்டும் கரண்ட் குடுத்தா என்னன்னு தோணுச்சுன்னா அதுதான் கிரியேட்டிவிட்டி.

பிஎட் படிக்கிற தம்பி: அக்கா, கிரியேட்டிவிட்டிக்கு எப்படி மார்க் போடுறது?

கடைசியா வந்தத மட்டும் பாத்துப் போடாதீங்க தம்பி, முதல்ல செஞ்சதையும் சேத்து வாங்கி, எத மாத்துன, ஏன் மாத்துனன்னு கேளுங்க. ஒரு உதாரணம் சொல்றேன். கீழடி மியூசியம் 2023ல திறந்துருக்காங்க, நம்ம மதுரைல இருந்து பக்கம்தான். கூட்டிட்டுப் போய் வந்து, களிமண் பொம்மை செஞ்சு போன்ல ஒவ்வொரு படமா எடுத்து ஒரு குட்டி அனிமேஷன் பண்ணச் சொல்லுங்க. ஒரு கண்டிஷன்: ஒவ்வொரு காட்சிக்கும் கீழ "ஆதாரம்" இல்ல "கற்பனை"ன்னு எழுதணும். பகடை கிடைச்சது ஆதாரம், எழுத்து பொறிச்ச பானை ஓடு கிடைச்சது ஆதாரம். அந்தப் பகடைய அண்ணனும் தங்கச்சியும் சண்டை போட்டுக்கிட்டு உருட்டுனாங்கன்னா அது கற்பனை, தாராளமா இருக்கட்டும், ஆனா கற்பனைன்னு தெரிஞ்சு செய்யணும். எனக்கு ரொம்பப் புடிச்ச ப்ராஜெக்ட் இது, ஏன்னா ஆராயிறதும் புதுசா உண்டாக்குறதும் ஒரே வேலைல வந்துருது.

சோழவந்தான் டீச்சர்: எல்லாத்தையும் சாட்ஜிபிடி கிட்டயே கேட்டு எழுதிர்றாங்களே?

தடுக்காதீங்க, விசாரிக்க வைங்க. உங்க ஊரப் பத்தி அதுகிட்ட ஒரு பக்கம் எழுதி வாங்கி பிரிண்ட் எடுத்துக் குடுங்க, ஒவ்வொரு வரியையும் ஊர்ல பெரியவங்ககிட்ட, கோயில் கல்வெட்டுல, லைப்ரரில சரிபாத்து, சரியா தப்பான்னு பக்கத்துல குறிக்கட்டும்.

திருமங்கலம் சார்: ஹெச்எம் போர்ஷன முடிங்கங்குறாரு.

போர்ஷனுக்குள்ளயே செய்ங்க சார். பரப்பளவு பாடம் நடத்தும்போது கண்மாய கூகுள் எர்த்லயே கோடு போட்டு அளக்கலாம், பிள்ளைக சூத்திரம் போட்டுக் கண்டுபிடிச்ச விடையும் அது காட்டுறதும் ஏன் ஒத்துப் போகலங்குறதுலயே ஒரு பீரியட் ஓடிரும். முதல் நாளே ஹெச்எம்ம வந்து உக்காரச் சொல்லுங்க.