ஆபரேஷன் முடிந்தது, அப்புறம்?

போன மாதம் இந்தப் பக்கத்தில் எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். ‘எனக்குச் செய்யலாமா, வேண்டாமா’ என்று கேட்டு எழுதுவார்கள் என்றுதான் நினைத்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே செய்துகொண்டவர்கள் எழுதியது. நான் சர்ஜன் இல்லை, அயனாவரத்தில் கிளினிக் வைத்திருக்கும் சாதாரண பொது மருத்துவர். ஆனால் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம் ஓடியதும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டு, சளி, காய்ச்சல், கால் வலி எல்லாவற்றுக்கும் என்னைப் போன்ற தெருமுனை டாக்டரிடம்தான் வருகிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அவர்களுக்கு.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்லீவ் என்றால் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, வாழைக்காய் பருமனில் ஒரு குழாயை மட்டும் விடுவது. பைபாஸ் என்றால் இரைப்பையின் மேல்பக்கம் ஒரு சின்னப் பையைப் பிரித்து, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டி, கீழே கொண்டுபோய் இணைப்பது. இரண்டுக்கும் வரும் தொந்தரவுகள் ஒன்று இல்லை. எழுதியவர்களில் பலருக்கு எது செய்தார்கள் என்றே தெரியவில்லை. வீட்டில் டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்கள், போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 38 வயது. பைபாஸ் செய்து இரண்டு வருடம் ஆகிறது. கல்யாண வீட்டில் கேசரி இரண்டு வாய் சாப்பிட்டால் போதும், கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்து, வியர்த்துக் கொட்டி, எங்கேயாவது படுத்தே ஆக வேண்டும் போல ஆகிவிடுகிறது. சில நாள் சாப்பிட்டவுடன் ஒன்றும் இருக்காது, இரண்டு மணி நேரம் கழித்துக் கை நடுங்குகிறது. ‘வேலை இருந்தா மட்டும் மயக்கம் வரும்’ என்கிறார் மாமியார். இது நிஜமாகவே வியாதியா, டாக்டர்?
வாசகி, மடிப்பாக்கம்

மாமியாரிடம் இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடுங்கள், அம்மா. இது நடிப்பு இல்லை. டம்பிங் என்று பெயர். இரைப்பையின் அடிவாசலில் ஒரு வால்வு உண்டு, சாப்பிட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குடலுக்கு விடும். பைபாஸ் ஆனவர்களுக்கு அந்த வழியே கிடையாது. கேசரியில் இருக்கும் சர்க்கரை மொத்தமும் சிறுகுடலில் போய் விழுகிறது, குடல் அதைக் கரைக்க ரத்தத்திலிருந்து தண்ணீரை இழுக்கிறது. படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு எல்லாம் அதனால்தான், சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள். இரண்டு மணி நேரம் கழித்து வரும் நடுக்கம் வேறு கதை. சர்க்கரை சட்டென்று ஏறியதைப் பார்த்து இன்சுலின் தேவைக்கு மேல் சுரந்து, அதைக் கீழே தள்ளிவிடுகிறது.

நம் ஊர்ச் சாப்பாட்டில் பிரச்சினை என்னவென்றால் எல்லாமே நீர்க்கத்தான் இருக்கும். சாம்பார் சாதம், ரசம் சாதம், மோர் சாதம், நடுநடுவே ஒரு டம்ளர் தண்ணீர். இதை அப்படியே தலைகீழாக்குங்கள். முதலில் முட்டையோ மீனோ பனீரோ சுண்டலோ, பிறகு பொரியல், கடைசியில் கொஞ்சம் சோறு, அதுவும் கெட்டியாக. தண்ணீர் குடிப்பது, சாப்பாடு முடிந்து அரை மணி கழித்துத்தான். இலையில் முதலில் இனிப்பு வைப்பது சம்பிரதாயம், வைக்கட்டும், ஓரத்திலேயே இருக்கட்டும், யாரும் கைது செய்ய மாட்டார்கள்.

கை நடுங்கும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்து எழுதி வையுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது அரை டம்ளர் ஜூஸ், சரியானதும் கூடவே ஒரு கைப்பிடி சுண்டல் அல்லது வேர்க்கடலை. வெறும் சாக்லேட்டை வாயில் போட்டுக்கொண்டே இருந்தால் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, நாள் முழுக்க அதே வேலையாகிவிடும். இப்படி எழுதி வைத்த கணக்கோடு ஒரு ஹார்மோன் நிபுணரைப் பாருங்கள், இதற்கு மாத்திரைகள் உண்டு. அதுவரை வேளச்சேரி ரோட்டில் ஸ்கூட்டி எடுப்பதற்கு முன் ஒரு தடவை சர்க்கரை பாருங்கள்.

என் மனைவிக்கு ஸ்லீவ் செய்து இரண்டரை மாதம் ஆகிறது. மூன்று வாரமாக எது சாப்பிட்டாலும் வாந்தி. பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இப்போது நடக்கும்போது தள்ளாடுகிறாள், எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறாள். பலவீனம்தான், போகப் போகச் சரியாகும் என்கிறார்கள். எத்தனை நாள் ஆகும்?
வாசகர், கொளத்தூர்

இந்தக் கடிதத்துக்கு அச்சில் பதில் சொல்லக் காத்திருக்க முடியாது என்று ஆசிரியர் குழுவிடம் நம்பர் வாங்கி அன்றைக்கே போன் செய்தேன். அவர் மனைவி இப்போது ஆஸ்பத்திரியில், பார்வை திரும்பிவிட்டது, நடை இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

தயமின் என்கிற பி1 வைட்டமினை உடம்பு அதிகம் சேர்த்து வைப்பதில்லை, உள்ளே போகாவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் கையிருப்பு காலி. ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்சம்தான் சாப்பிட முடியும், அதையும் வாந்தி எடுத்தால் தயமினுக்கு எங்கே போவது? அது குறைந்தால் மூளை பாதிக்கும்: தள்ளாட்டம், இரட்டைப் பார்வை, குழப்பம். இந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால், குளுக்கோஸை எரிக்கவே தயமின் வேண்டும் என்பதால், மிச்சம் இருப்பதும் தீர்ந்துபோய் நிலைமை மோசமாகும். முதலில் தயமின் ஊசி, அதற்குப் பிறகுதான் குளுக்கோஸ். டாக்டரிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள், ஆபரேஷன் நடந்ததே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப் ஆபரேஷனின் தழும்பு கொசுக்கடி அளவுதான் இருக்கும், சட்டையைத் தூக்கிப் பார்த்தாலும் கண்ணில் படாது.

வாந்தி ஏன் நிற்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்லீவ் குழாய் எங்கேயாவது சுருங்கியிருக்கலாம், வாய் வழியாகக் கேமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பியில் தெரியும். இரண்டு மூன்று நாளுக்கு மேல் வாந்தி நிற்காவிட்டால் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். (நம் பாட்டிமார் புழுங்கலரிசி சாப்பிட்டதில் ஒரு நன்மை உண்டு. நெல்லை அவிக்கும்போது உமியை ஒட்டியிருக்கும் தயமின் அரிசிக்குள் இறங்கிவிடும். தீட்டிய பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும். ஆனால் வாந்தி எடுப்பவருக்குப் புழுங்கலரிசிக் கஞ்சி மருந்தாகாது, அவருக்கு ஊசிதான்.)

வயது 29, பைபாஸ் முடிந்து நான்கு வருடம். முடி கொட்டுகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஹீமோகுளோபின் 7.8. இரும்பு மாத்திரை ஆறு மாதமாகப் போடுகிறேன், ஏறவே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அரிசி டப்பாவைப் பார்த்தால் பச்சரிசியை அள்ளி மென்றுகொண்டே இருக்கிறேன். குழந்தை வேண்டும் என்று வீட்டில் கேட்கிறார்கள்.
வாசகி, வியாசர்பாடி

வெட்கப்பட ஒன்றும் இல்லை. அரிசி மெல்லத் தோன்றுவதே இரும்புச்சத்து குறைந்ததற்கு ஒரு அடையாளம், சிலருக்கு ஐஸ் கட்டி, சிலருக்கு சாம்பல், மண். ரத்தம் ஏறியதும் அந்த ஆசை தானாகப் போய்விடும்.

இரும்புச்சத்தை அதிகம் உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதி. அதைத்தான் உங்களுக்குத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அதற்கு உதவும் அமிலமும் குறைவு. அதோடு மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானே ஊகிக்கிறேன்: காலையில் டிபன் முடித்து, ஃபில்டர் காபியோடு, கால்சியம் மாத்திரையும் சேர்த்து? காபியும் டீயும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கால்சியம் போட்டி போடும். இரண்டு மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது வேண்டும், இரும்பை எலுமிச்சைச் சாற்றோடு போடலாம். கால்சியம் சிட்ரேட் வகையா என்று அட்டையைப் பாருங்கள், கார்பனேட் வகைக்கு அமிலம் தேவை.

ஆனால் 7.8-ல் இருக்கும்போது இந்த நேரக் கணக்கெல்லாம் போதாது. நரம்பு வழியாக இரும்பு ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றுவதற்கு முன் ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புக் கையிருப்பு எவ்வளவு என்று காட்டுவது), பி12, ஃபோலிக் அமிலம், வைட்டமின் டி பாருங்கள். பி12-ஐ உறிஞ்சுவதற்கு இரைப்பையின் உதவி தேவை, அதனால் பலருக்கு அது ஊசியாகவே போட வேண்டியிருக்கும். மாதவிடாயில் அதிகம் போகிறதா, வயிற்றுக்குள் புண் கசிகிறதா என்பதும் தெரிய வேண்டும். முடி விஷயம்: ஆபரேஷன் முடிந்து மூன்று முதல் ஆறாவது மாதம் வரை கொட்டுவது சகஜம், தானாக நிற்கும். நான்காவது வருடத்தில் கொட்டுவதற்கு ஷாம்பூவை மாற்றிப் பயனில்லை, இரும்பையும் புரதத்தையும் பார்க்க வேண்டும், ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். இரண்டு இட்லியிலும் சட்னியிலும் அது வராது.

குழந்தை தாராளமாகப் பெற்றுக்கொள்ளலாம். ஆபரேஷனுக்குப் பிறகு ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப்போடச் சொல்வார்கள், நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். முதலில் ரத்தம் ஏறட்டும், ஃபோலிக் அமிலத்தை இப்போதே ஆரம்பியுங்கள். கர்ப்பமானதும் நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் 75 கிராம் குளுக்கோஸ் கலந்து கொடுத்து சர்க்கரை பார்ப்பார்கள், நல்ல திட்டம், ஆனால் உங்களுக்கு அதைக் குடித்தால் மேலே மடிப்பாக்கம் வாசகிக்கு வந்தது எல்லாம் வரும். ‘வயிற்றில் பைபாஸ் செய்திருக்கிறேன், வீட்டிலேயே ஒரு வாரம் விரலில் குத்திப் பார்த்து எழுதிக் கொண்டுவருகிறேன்’ என்று சொல்லுங்கள். வயிற்றில் என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். வெறுமனே பைபாஸ் என்றால் எல்லோரும் உங்கள் இதயத்தைத்தான் பார்ப்பார்கள்.

மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடுகிறேன். இப்போது மேல் வயிறு எரிகிறது. பைபாஸ் செய்து மூன்று வருடம், சிகரெட் ஒரு நாளைக்கு நாலு.
வாசகர், ராயபுரம்

இரண்டையும் இன்றைக்கே நிறுத்துங்கள், அண்ணே. இணைப்பு போட்ட இடத்தில் புண் வர வைப்பதில் இந்த வலி மாத்திரைகளும் சிகரெட்டும்தான் முன்னணி. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபினாக் எதுவும் உங்களுக்குக் கூடாது, வலிக்கு பாராசிட்டமால். நானே ஒருமுறை முதுகுவலி என்று வந்தவருக்கு டைக்ளோஃபினாக் ஊசி போட்டுவிட்டேன், அவர் கிளம்பும்போதுதான் ‘வயிறு ஆபரேஷன் ஆகியிருக்கு, பரவாயில்லையா’ என்று கேட்டார். கேட்க வேண்டியது நான். அன்றிலிருந்து என் சீட்டில் முதல் வரியே அதுதான்.

எண்டோஸ்கோப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் காத்திருக்காமல் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். இரும்பு மாத்திரையிலும் மலம் கறுக்கும், ஆனால் இந்த நாற்றம் இருக்காது. இன்னொன்று, சாப்பிட்ட பிறகு வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி விட்டுவிட்டு வந்தால் கேஸ் என்று சோடா குடிக்காதீர்கள். பைபாஸ் ஆனவர்களுக்கு, எடை குறைந்து உள்ளே ஏற்பட்ட இடைவெளியில் குடல் நுழைந்து மாட்டிக்கொள்ளலாம். சாதாரண அல்ட்ராசவுண்டில் பித்தப்பைக் கல் தெரியும், இது தெரியாமல் போகலாம். வலி விடாமல் பிடித்தால் சி.டி. ஸ்கேன், சர்ஜன், இரண்டும் அன்றைக்கே.

ஸ்லீவ் செய்து 42 கிலோ குறைந்தேன். ஐந்து வருடத்தில் 14 கிலோ திரும்பிவிட்டது. சொந்தக்காரர்கள் ‘இவ்வளவு செலவு பண்ணியும்’ என்று ஆரம்பிக்கிறார்கள். இரவில் புளித்த நீர் தொண்டைக்கு வருகிறது.
வாசகி, தாம்பரம்

42-ல் 14 போனாலும் 28 கிலோ இன்னும் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது, சொந்தக்காரர்களுக்குக் கழித்தல் சொல்லிக்கொடுங்கள். கொஞ்சம் திரும்புவது பெரும்பாலானவர்களுக்கு நடப்பதுதான். இட்லி இரண்டோடு நின்றுவிடும் வயிறு, முறுக்கையும் மிக்சரையும் ஐஸ்கிரீமையும் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். சாயங்காலம் நாலு மணி முதல் ஏழு மணி வரை என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், எனக்கு அனுப்ப வேண்டாம்.

புளித்த நீரைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். ஸ்லீவுக்குப் பிறகு இது அடிக்கடி வருவது. எண்டோஸ்கோப்பி தேவை. மாத்திரைக்கு அடங்காவிட்டால் ஸ்லீவைப் பைபாஸாக மாற்றுகிறார்கள்.

வயிற்றுத் தோல் தொங்குகிறது, மடிப்பில் புண்ணாகிறது. வெட்டி எடுக்க இன்ஷூரன்ஸ் கொடுக்குமா?
வாசகி, அம்பத்தூர்

அழகுக்காக என்றால் கொடுக்காது. உடல்நலத்துக்கு ஆபத்து, அதைச் சரிசெய்யச் செய்தே ஆக வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கேட்க வழி இருக்கிறது, சண்டை போட வேண்டிவரும். அதனால் ஒவ்வொரு முறை புண் வரும்போதும் தோல் டாக்டரிடம் போங்கள், சீட்டு, போட்டோ, தேதி எல்லாம் சேரட்டும். எடை ஒரே இடத்தில் சில மாதம் நின்ற பிறகு செய்யுங்கள்.

பைபாஸ் ஆகி ஒன்றரை வருடம். வாரத்துக்கு ஒரு பீர் பரவாயில்லையா? முன்னாடி நாலு அடிச்சாலும் ஸ்டெடியா இருப்பேன்.
வாசகர், பெரம்பூர்

அது பழைய வயிறு. இப்போது குடித்தது நேராகக் குடலுக்குப் போய், மளமளவென்று ரத்தத்தில் ஏறும், இறங்க நேரம் எடுக்கும். சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது, உங்களுக்கு ஒரே பீரில் அது தாண்டலாம். அதைவிட, பைபாஸ் ஆன சிலருக்கு இரண்டாவது வருடத்திலிருந்து குடி பழக்கமாகப் பிடித்துக்கொள்கிறது, முன்பு அப்படி இல்லாதவர்களுக்கும். நீங்கள் சரியாக அந்த இடத்தில் நிற்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். வாரத்துக்கு ஒன்று என்பது இரண்டு மூன்றாகிவிட்டதா என்பதை உங்களைவிட வீட்டில் இருப்பவர்கள் சரியாகச் சொல்வார்கள், அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்கு வரும்போது அவர்களையும் கூட்டி வாருங்கள்.