தைராய்டு மாத்திரை போட்டும் எடை ஏன் இறங்கவில்லை?

கேள்வி இதுதான்: "ஹைப்போதைராய்டு, அதாவது தைராய்டு ஹார்மோன் குறைவு, இருக்கிறது. ஒரு வருஷமாக மாத்திரை போடுகிறேன். டி.எஸ்.எச். நார்மல் என்றுதான் ரிப்போர்ட் வருகிறது. ஆனால் ஏறிய 12 கிலோ அப்படியே நிற்கிறது. எதைச் சாப்பிடலாம், எதை விடலாம்?"

டி.எஸ்.எச். என்பது தைராய்டைச் சுரக்கச் சொல்லி மூளையடிச் சுரப்பி அனுப்பும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இந்த எண் உயரும். உணவுப் பட்டியலுக்கு அப்புறம் வருவோம். முதலில் அந்த 12 கிலோவைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தைராய்டு ஹார்மோன் குறைவதால் மட்டும் ஏறுகிற எடை பெரும்பாலானவர்களுக்கு 2 முதல் 5 கிலோதான். அதிலும் பெரும்பங்கு கொழுப்பு கிடையாது, உப்பும் நீரும். ஹார்மோன் குறைந்தால் சிறுநீரகம் நீரையும் உப்பையும் வெளியேற்றுவது மந்தப்படும். தோலுக்கு அடியில் நீரைப் பிடித்து வைக்கும் பொருள்களும் சேரும். காலையில் கண்ணிமை வீங்கியிருப்பது, முகம் உப்பியிருப்பது, மோதிரம் இறுகுவது எல்லாம் இதனால்தான். மாத்திரை சரியான அளவுக்கு வந்ததும் வடிவது இந்த நீர். மீதிக் கிலோக்கள் சாதாரணக் கொழுப்பு. சோர்ந்து கிடந்த மாதங்களில் நடமாட்டம் குறைந்தது, அதே சாப்பாடு தொடர்ந்தது, அது சேர்ந்தது. அதைக் கரைக்கிற வேலை தைராய்டு மாத்திரையின் வேலை இல்லை. பல ஆண்டுகள் கண்டுபிடிக்காமல் ஹார்மோன் கடுமையாகக் குறைந்துபோனவர்களுக்கு இந்தக் கணக்கு மாறும். டி.எஸ்.எச். 6, 7 என்று இருந்தவர்களுக்கு மாறாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. உடல் பருமனே டி.எஸ்.எச்.ஐக் கொஞ்சம் உயர்த்தும். டி4 (தைராய்டு சுரக்கும் முக்கிய ஹார்மோன்) நார்மலாக இருந்து, டி.எஸ்.எச். மட்டும் எல்லைக்குச் சற்று மேலே நிற்கிற சிலருக்கு, எடை குறைந்தாலே அந்த எண்ணும் தானாக இறங்கிவிடும். அப்படிப்பட்டவருக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து எடை குறையும் என்று காத்திருப்பதில் பலன் இல்லை. உண்மையிலேயே சுரப்பிதான் பழுதாகிறதா என்று அறிய ஆன்டி டி.பி.ஓ. என்ற எதிர்ப்புரதப் பரிசோதனையை ஒருமுறை செய்தால் போதும். அது பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு மாதாமாதம் எடுத்து, எண் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதால் சிகிச்சை எதுவும் மாறப்போவதில்லை.

இனி மாத்திரை. அதில் இருக்கும் லெவோதைராக்ஸின், அதாவது செயற்கையாகச் செய்த டி4, நுணுக்கமான மருந்து. மில்லிகிராமில் இல்லை, மைக்ரோகிராமில் கணக்கு. சுரப்பி முழுக்க வேலை செய்யாதவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும். பாதி வேலை செய்கிற சுரப்பி உள்ளவருக்கு அதைவிடக் குறைவு. இவ்வளவு சின்ன அளவு என்பதால், வயிற்றில் வேறு எது இருந்தாலும் உறிஞ்சப்படுவது மாறிவிடும். எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் வேறு எதுவும் எடுக்காமல் இருக்க வேண்டும். காபியும் இந்த "வேறு எதுவும்" கணக்கில்தான் சேரும். பாலில்லாத கறுப்புக் காபி பரவாயில்லை என்று நினைப்பவர்கள் நிறைய. அதுவும் உறிஞ்சலைக் குறைக்கும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும், அலுமினியம் அல்லது மக்னீசியம் உள்ள அமிலக் குறைப்பு மருந்துகளும் குறைந்தது 4 மணி நேர இடைவெளியில். மலச்சிக்கலுக்கு எடுக்கிற இசப்கோல் போன்ற நார்ப் பொடியும் மாத்திரைக்குப் பக்கத்தில் வரக் கூடாது. காலை நேரம் ஓட்டமும் நடையுமாக இருந்தால், இரவு கடைசிச் சாப்பாடு முடிந்து 3 மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம், அதுவும் நன்றாகவே வேலை செய்யும். காலையா இரவா என்பதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தினமும் அதையே செய்வதுதான் முக்கியம்.

மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வாரப் பெட்டியில் மொத்தமாகக் கொட்டி வைப்பது, குளியலறை அலமாரியில் வைப்பது, வெயிலில் நிற்கிற காரில் விட்டுவிடுவது, மூன்றும் தப்பு. வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றுக்கும் இந்த மருந்து வீரியம் இழக்கும்.

டோஸ் மாற்றியபின் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும். மருந்தின் அரை ஆயுள், அதாவது உடலில் அது பாதியாகக் குறைகிற காலம், ஏறக்குறைய 7 நாள். ரத்தத்தில் அது நிலைப்பட்டு, டி.எஸ்.எச். அதற்கேற்ப ஒரு இடத்துக்கு வர அத்தனை நாள் பிடிக்கும். 2 வாரத்தில் டெஸ்ட் எடுத்து "ஒன்றும் மாறவில்லையே" என்று வருந்துவதால்தான் தேவையில்லாத டோஸ் மாற்றங்கள் நடக்கின்றன. ஒவ்வொரு முறையும் காலையில், ஏறக்குறைய ஒரே நேரத்தில், அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் ரத்தம் கொடுங்கள். டி.எஸ்.எச். இரவில் உயர்ந்து பகலில் இறங்கும். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு டி4 உயர்ந்து காட்டும். காலை 7 மணி ரிப்போர்ட்டையும் மாலை 4 மணி ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது சரிவராது.

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கிற மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் ஏராளமாக இருக்கும். அது தைராய்டைக் கெடுக்காது, ஆனால் பல ஆய்வகங்கள் பயன்படுத்தும் பரிசோதனை முறையையே ஏமாற்றும். டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4 பொய்யாகக் கூடியும் தெரியும். அதை நம்பி டோஸைக் குறைத்தால் பாதிப்பு நிஜமாகவே வரும். டெஸ்ட்டுக்கு 2 நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிட வேண்டும். அதிக அளவில் எடுப்பவர்கள் எத்தனை நாள் என்று ஆய்வகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

"நார்மல்தான், ஆனாலும் டோஸை இன்னும் கொஞ்சம் ஏற்றினால் எடை இறங்குமே" என்ற யோசனை பலருக்கு வரும். செய்யாதீர்கள். தேவைக்கு மேல் போடும் தைராக்ஸின் கொழுப்போடு தசையையும் கரைக்கும், எலும்பை மெலிய வைக்கும், இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். எடை குறைப்புக்காக இதைத் தரக் கூடாது என்ற எச்சரிக்கை அமெரிக்க மருந்துக் குறிப்புத் தாளில் கட்டம் கட்டியே அச்சிடப்பட்டிருக்கிறது.

சரி, இப்போது சாப்பாடு. டி.எஸ்.எச். நிலைத்தபின் உங்கள் உடல் எடை குறைகிற கணக்கு மற்றவர்களுடையதுதான். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு 3500. அதாவது அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. நடைமுறையில் இன்னும் மெதுவாகத்தான் போகும், ஏனென்றால் எடை குறையக் குறைய உடலின் செலவும் குறையும். தினம் 300 முதல் 500 கலோரிக் குறைப்பு, மாதம் ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டால் ஏமாற்றம் வராது.

மாதம் 6 கிலோ என்று கிளம்புகிறவர்களுக்கு நடப்பது வேறு. உணவை மிகவும் குறைத்தால், டி4-ஐச் செயல்படும் டி3 ஆக மாற்றுவதை உடலே குறைத்துக்கொள்கிறது. குளிரும் சோர்வும் கூடும். 2, 3 மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். பழி தைராய்டு மேல் விழும், காரணம் பட்டினி.

குறைப்பதை எங்கே குறைப்பது? புரதத்தில் கை வைக்காதீர்கள். எட்ட நினைக்கும் எடைக்குக் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வையுங்கள். 65 கிலோ இலக்கு என்றால் 78 கிராம். மூன்று வேளைக்கும் பிரித்தால் வேளைக்கு 25 கிராம் சுமார். ஒரு முட்டையில் 6 கிராம், வெந்த பருப்பு 100 கிராமில் 9, ஒரு தம்ளர் பாலில் 6 அல்லது 7, சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 30 வரை. இந்த எண்களை வைத்து நேற்றுச் சாப்பிட்டதைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் காலை வேளையில்தான் ஓட்டை தெரியும்: 5, 6 கிராமோடு காலை முடிந்திருக்கும், 11 மணிக்கே கை பிஸ்கட் டப்பாவைத் தேடியிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், கால் பங்கு தானியம் என்று போட்டாலே அளவு தானாகக் கட்டுக்குள் வரும். அப்புறம் எண்ணெயை ஊற்றாமல் கரண்டியால் அளந்து விடுங்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. அன்றாடக் குறைப்பில் கால்வாசி அதிலேயே கிடைத்துவிடும்.

தவிர்க்க வேண்டியவை என்று சுற்றுகிற பட்டியல்களில் பாதி வீண் பயம். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி எல்லாம் சமைத்து வழக்கமான அளவில் சாப்பிடலாம்; தைராய்டுக்குத் தேவையான அயோடினைத் தடுக்கும் பொருள் உருவாகத் துணைபோகிற நொதி சூட்டில் செயலிழந்துவிடும். தினமும் பச்சையாக அரைத்துக் குடங்குடமாகக் குடிப்பதுதான் ஆகாது. சோயா சுரப்பியைக் கெடுப்பதைவிட மாத்திரையின் உறிஞ்சலைக் கெடுக்கும். மாத்திரைக்குத் தள்ளி எடுத்தால் போதும். கோதுமையை விடுவதால் பலன், கோதுமைப் புரதம் குடலைப் பாதிக்கிற சீலியாக் நோய் இருப்பவர்களுக்குத்தான்.

அதே பட்டியல்களில் நல்லது என்று சொல்லப்படுகிற, அயோடின் மிகுந்த கடற்பாசி மாத்திரைதான் உண்மையில் கவனிக்க வேண்டியது. பெரியவர்களுக்குத் தேவை நாளுக்கு 150 மைக்ரோகிராம் அயோடின், கர்ப்பிணிகளுக்கு 250. அயோடின் கலந்த உப்பைச் சமையலில் அளவாகப் பயன்படுத்தினாலே பெரும்பாலும் நிறைந்துவிடும். அதற்கு மேல் அள்ளிப் போட்டால், தன்னெதிர்ப்பு வகைத் தைராய்டு (உடலின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது) உள்ளவர்களுக்குச் சுரப்பி இன்னும் சுணங்கும். செலினியத்தையும் இஷ்டத்துக்கு விழுங்கக் கூடாது; நாள்பட அதிகமானால் நகம் உடையும், முடி கொட்டும்.

உடற்பயிற்சியில் வேக நடைக்கு வாரம் 150 நிமிடம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் குறைந்தபட்ச அளவு, கூடவே 2 நாள் தசைப் பயிற்சி. இங்கே ஒரு எச்சரிக்கை. தைராய்டு குறைந்திருக்கும்போது தசைகள் எளிதில் வலிக்கும், பிடித்துக்கொள்ளும், மீளத் தாமதமாகும். டி.எஸ்.எச். இன்னும் 20, 30 என்று நிற்கும்போது ஜிம்மில் சேர்ந்து முதல் வாரமே ஓடி, எடை தூக்கி, பத்தாம் நாள் படுத்துவிடுவது சகஜம். அந்தக் கட்டத்தில் சாப்பாட்டுக்குப் பின் 10 நிமிடம், மூன்று வேளை நடந்தால் போதும். எண் இறங்கிய பிறகு தசைப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால், ரப்பர் பட்டையை இழுப்பது, ஒவ்வொன்றும் 10 தடவை, 2 சுற்று. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டுங்கள். எடை குறையும்போது தசையும் சேர்ந்து போகாமல் காப்பது இதுதான். நடை மட்டும் அதைச் செய்யாது.

மலச்சிக்கலுக்கு நாளுக்கு 25 கிராம் நார், கூடவே தண்ணீர். நாரை ஒரே நாளில் ஏற்றினால் வயிறு ஊதிக்கொள்ளும், இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள்.

எடை பார்க்கும் முறை பற்றி. காலையில் கழிப்பறை போய்வந்து, சாப்பிடுமுன், ஒரே தராசில். அன்றன்றைய எண்ணை நம்ப வேண்டாம். 7 நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் ஒன்றிரண்டு கிலோ நீர் ஏறி இறங்குவது சாதாரணம், அதனால் பெண்கள் மாதத்தின் அதே கட்டத்தோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும். இடுப்பளவும் எடுங்கள்: கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின், நாடாவை இறுக்காமல். தராசு அசையாத மாதத்தில் நாடா 2 சென்டிமீட்டர் குறைந்திருக்கலாம்.

மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் இரண்டுமே அசையவில்லை என்றால் தைராய்டைத் தாண்டித் தேட வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையைக் கூட்டும். பெண்களுக்கு பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருக்கலாம். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, பகலெல்லாம் தூங்கி வழிவது இருந்தால் தூக்க மூச்சடைப்புக்குப் பரிசோதனை தேவை. தைராய்டுச் சோர்வு என்று நினைத்துக்கொண்டிருக்கும் சோர்வு சிலருக்கு இதிலிருந்து வருகிறது. செமாக்ளுடைடு போன்ற எடைக்குறைப்பு மருந்துகளைத் தைராய்டு குறைவு உள்ளவர்களும் மருத்துவர் பார்வையில் எடுக்கலாம். தனக்கோ குடும்பத்திலோ மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் கூடாது. அதன் மாத்திரை வடிவமும் வெறும் வயிற்றில் போட வேண்டியது, தைராக்ஸின் அளவையும் உயர்த்தக்கூடியது; எனவே இரண்டையும் எந்த நேரத்தில் போடுவது என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடை நன்றாக இறங்கியபின், எட்டுப் பத்துக் கிலோ போனதும், டி.எஸ்.எச்.ஐ மறுபடி பாருங்கள். பழைய எடைக்குப் பொருந்திய டோஸ் இப்போது அதிகமாகியிருக்கலாம். படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத வியர்வை வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். எதிர்த்திசையிலும் இது நடக்கும்: ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை தொடங்கினால் தைராக்ஸின் தேவை கூடலாம். கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றே மருத்துவரை அழையுங்கள். முதல் வாரங்களிலேயே தேவை கால் பங்குக்கு மேல் உயரும். அந்த நேரத்தில் எடைக் கணக்கு, கலோரிக் குறைப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட வேண்டும்.