கொமர்ஸ் படித்த பிள்ளையும் செயலி வடிவமைப்பும்

அன்பான அம்மாவுக்கு,

"கொமர்ஸ் செய்த பிள்ளைக்குச் செயலி வடிவமைப்பு சரிவருமா?" என்று வெள்ளவத்தையிலிருந்து கேட்டிருந்தீர்கள். சரிவரும். இளம் ஆட்கள் யோசித்து வாங்க, கணக்குப் பார்த்துச் செலவழிக்க உதவும் செயலி செய்வதுதான் மகளின் ஆசை என்றால், கணக்கீடு படித்தது அவளுக்குப் பெரிய பலம்.

9,000 ரூபாய்ச் சப்பாத்தை இப்போது மூன்று தவணையில் வாங்கலாம். திரையில் 3,000தான் பெரிதாகத் தெரியும். வட்டி இல்லைதான், ஆனால் வரப்போகும் சம்பளத்திலும் ஒரு பங்கு இன்றைக்கே போய்விட்டது. இப்படி நாலு சாமான் எடுத்தவருக்கு எந்த மாதம் எவ்வளவு மிஞ்சும் என்பதே தெரியாது. வாங்குமுன் அதை ஒரே வரியில் காட்டுவதுதான் வடிவமைப்பாளரின் வேலை. நிறமும் எழுத்துருவும் அப்புறம். காசு பிறகு போனாலும் செலவை அன்றே பதியும் அட்டுறு எண்ணக்கருவை உங்கள் மகள் வகுப்பில் படித்துவிட்டாள்.

அதனால் வடிவமைப்பு டிப்ளோமா எதற்கும் காசு கட்டமுன் ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். புதிதாக வேலைக்குப் போகிற ஐந்து பேர் ஒரு மாதச் செலவைக் கொப்பியில் எழுதட்டும்; இவள் வாராவாரம் அவர்களோடு இருந்து கேட்கட்டும். புறக்கோட்டையில் பேரம் பேசி 200 ரூபாய் மிச்சம்பிடித்தவர், இரவு போனில் 2,000 ரூபாய்க்கு ஏன் ஓடர் பண்ணினார்? சீட்டுக்காசு என்றைக்குக் கட்டுகிறார்? ஊருக்கு எவ்வளவு அனுப்புகிறார்? பிறகு ஃபிக்மா என்ற திரை வடிவமைக்கும் மென்பொருளில் நாலைந்து திரை வரையலாம், தொடங்க இலவசம். தமிழிலேயே வரையட்டும். 'சேவ்' என்று அடங்கி நிற்கும் பொத்தான் 'சேமிக்கவும்' ஆனதும் சின்னப் போனில் இரண்டாக உடையும். அதைச் சரிசெய்யப் பழகுவது நல்ல பயிற்சி. வரைந்ததை அந்த ஐந்து பேரிடமே கொடுத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கவேண்டும். நேர்முகப் பரீட்சையில் காட்ட இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

பிறத்தியாரின் பணவிபரம் என்பதால் பெயர் எழுதாமல் வைக்கச் சொல்லுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் 2022இல் வந்தது, அதையும் வாசிக்கட்டும்.

படிப்பென்றால், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரி பி.ஐ.டி (தகவல் தொழினுட்ப இளமாணி) பட்டம் உண்டு. உயர்தரத்தில் எந்தப் பிரிவில் சித்தியடைந்தவரும் சேரலாம், வேலை செய்துகொண்டே படிக்கலாம். மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் பட்டத்துக்கு உளச்சார்புப் பரீட்சை எழுதவேண்டும். இரண்டும் ஆங்கில மொழிமூலம், ஆகவே ஆங்கிலத்தை இப்போதிருந்தே கவனியுங்கள்.

மாதம் முடிந்ததும் அந்தக் கொப்பிகளோடு மகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.