குழுவில் பெரும்பாலோர் வேண்டாம் என்கிறபோது தலைவர் எப்படி முடிவெடுப்பது? ராமாயணத்தில் வழி உண்டா?

உண்டு. வால்மீகியின் யுத்த காண்டத்தில் விபீடணன் நான்கு பேரோடு வந்து அடைக்கலம் கேட்கும் இடத்தைப் படியுங்கள்.

கொன்றுவிடலாம் என்கிறான் சுக்ரீவன். ராமன் உடனே தன் கருத்தைச் சொல்வதில்லை; மற்றவர்களைக் கேட்கிறான். குணம் குற்றம் பார்க்கணும் என்கிறான் அங்கதன். ஒற்றனை அனுப்பலாம் என்கிறான் சரபன் என்ற வானரத் தலைவன். வந்த நேரமும் இடமும் சரியில்லை என்கிறான் ஜாம்பவான். மைந்தன் என்ற பெயருடைய இன்னொரு வானரனோ, பக்குவமாக விசாரிக்கச் சொல்கிறான்.

அனுமன் பேசுவதுதான் முக்கியம். எதிரிலேயே நிற்பவனுக்கு ஒற்றன் எதற்கு? திடீரென விசாரித்தால் நல்லெண்ணத்தோடு வந்தவனும் மனம் கோணுவான். முகத்திலும் பேச்சிலும் கள்ளம் தெரியவில்லை. வாலி வதம் அறிந்து, அரசை விரும்பி வந்திருக்கிறான் என்று காரணமும் காட்டுகிறான்.

கடைசியில்தான் ராமன் முடிவைச் சொல்கிறான். சுக்ரீவன் மறுபடி மறுத்தபோதும் அதட்டவில்லை, பதில் சொல்லித் தெளிவிக்கிறான். பிறகு 'அழைத்து வா' என்று சொல்வதும் அவனிடமே! எதிர்த்தவர் கையிலேயே வேலையைக் கொடுத்தது அருமையான தலைமை.

நம் கூட்டங்களில் மேலாளர் முதலிலேயே வாய் திறந்துவிடுகிறார். அதன்பின் வருவதெல்லாம் ஆமாம் போடுவதுதான். அடுத்த முறை, இளையவரிலிருந்து தொடங்கி, காரணத்தோடு பேசச் சொல்லிப் பாருங்கள்.