கையில் மூன்று வேலை, தலைமேல் கடன்: எதில் கையெழுத்துப் போடுவது?

கேள்வி: வேலை போய் ஏழு மாதம் ஆகிறது. வங்கிக் கடனில் மூன்று தவணை பாக்கி. இப்போது ஒரே வாரத்தில் மூன்று இடத்திலிருந்து கூப்பிடுகிறார்கள். முதல் நிறுவனம் பெரியது, சம்பளமும் அதிகம். ஆனால் 'லெட்டர் ஆஃப் இன்டென்ட்' என்று ஒரு மின்னஞ்சல்தான் வந்திருக்கிறது. சேரும் தேதியைப் பிறகு சொல்வார்களாம். இரண்டாவது இடத்தில் வரும் திங்கட்கிழமையே சேரலாம். இரண்டு வருட பாண்ட், நடுவில் விலகினால் ஆறு மாதச் சம்பளம் கட்ட வேண்டும். அசல் சான்றிதழ்களையும், தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட இரண்டு செக்கையும் கேட்கிறார்கள். மூன்றாவது சின்ன நிறுவனம். 'கன்சல்டன்ட்' என்று ஒரு வருட ஒப்பந்தம், மாதாமாதம் பில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவதில் சேர்ந்துவிட்டு, முதல் நிறுவனம் கூப்பிட்டதும் போய்விடலாமா? கேஸ் போடுவார்களா?

பதில்:

முதல் நிறுவனத்தின் கடிதத்தை இப்போதைக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள். 'உங்களை வேலைக்கு எடுக்க எண்ணியிருக்கிறோம்' என்று சொல்லும் கடிதம் அது. எதிர்காலத்தில் ஒப்பந்தம் செய்துகொள்ளும் எண்ணத்தைச் சொல்லும் கடிதமாகத்தான் நீதிமன்றங்கள் பொதுவாக இதைப் பார்க்கின்றன. சேரும் தேதி, பதவி, சம்பளப் பிரிவு எல்லாம் எழுதிய பணி நியமன ஆணை வரும்வரை அவர்கள் மனம் மாறினால் உங்களால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. அந்தக் கடிதத்தை நம்பி மற்ற இரண்டையும் கைவிட்டுவிட்டுக் காத்திருக்கும் நிலையில் நீங்கள் இல்லை.

இரண்டாவது இடத்தில் எல்லோரும் பாண்டைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். என் கவலை அந்த இரண்டு செக்கைப் பற்றியது. தொகை எழுதாமல் கொடுத்த செக் செல்லாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. கையெழுத்துப் போட்டு மனமுவந்து கொடுத்த வெற்றுச் செக்கில் மற்றவர் தொகையை நிரப்பினாலும், கடனுக்காகவே கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் எழும் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அப்படி எதுவும் பாக்கி இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். செக் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு. இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வங்கிக்குப் போய் 'ஸ்டாப் பேமென்ட்' எழுதிக் கொடுத்தால் மட்டும் இதிலிருந்து தப்பிவிட முடியாது. பாண்ட் தகராறு என்றால் சிவில் வழக்கு; நிறுவனம்தான் தன் நஷ்டத்தைச் சொல்ல வேண்டும். செக்கைக் கொடுத்துவிட்டால் அதே தகராறு கிரிமினல் வழக்காக மாறி, நீங்கள் குற்றம் சாட்டப்பட்டவராக வாய்தாவுக்கு அலைவீர்கள். எவ்வளவு கஷ்டமானாலும் அந்தச் செக்கைக் கொடுக்காதீர்கள்.

அசல் சான்றிதழும் அப்படித்தான். சரிபார்க்கக் கேட்டால் எதிரே உட்கார்ந்து காட்டுங்கள், நகல் கொடுங்கள், அசலைக் கையோடு வாங்கிவிடுங்கள். கல்விச் சான்றிதழ் வாங்கி விற்கும் சரக்கு அல்ல, அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது என்பதே சென்னை உயர் நீதிமன்றத்தின் பார்வை. ஆனால் கொடுத்துவிட்டு மீட்பதற்கு நோட்டீஸ், வழக்கு என்று மாதங்கள் ஓடிவிடும்.

சரி, பாண்டுக்கு வருவோம். 'பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்று நண்பர்கள் சொல்லியிருப்பார்கள். அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரு பொதுத்துறை வங்கியில் மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. புதிதாக ஆள் எடுக்க அந்த வங்கிக்கு ஆகும் செலவையும் சிரமத்தையும் நீதிமன்றம் அதில் கணக்கில் எடுத்துக்கொண்டது. அதற்காக ஆறு மாதச் சம்பளத்தையும் அப்படியே பிடுங்கிவிட முடியும் என்று அர்த்தமில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-வது பிரிவுப்படி, எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். பயிற்சி எதுவும் தராமல் முதல் நாளே வேலையில் உட்கார வைத்த நிறுவனம், பயிற்சிச் செலவு என்று பெரிய தொகை கேட்டு ஜெயிப்பது கடினம். உங்களை வேலை செய்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. விலகிய பிறகு போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது என்ற நிபந்தனை இருந்தாலும், அதே ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவின் முன்னால் அது பொதுவாக நிற்காது.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: 'பணக் கஷ்டத்தில் வேறு வழியில்லாமல் கையெழுத்துப் போட்டேன்' என்பது தனியாக ஒரு வாதமாக நிற்காது. கஷ்டம் உங்களுடையது, அதை அவர்கள் உண்டாக்கவில்லை. அதனால் பேச வேண்டியதைக் கையெழுத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

மூன்றாவது வேலையில் கட்டு குறைவு, பாதுகாப்பும் குறைவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ஊழியருக்கு மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். ராஜினாமா செய்தால் பாக்கிச் சம்பளம் இரண்டு வேலை நாளில் வர வேண்டும். கன்சல்டன்ட்டுக்கு இந்த இரண்டும் இல்லை, பிஎஃப்பும் இல்லை. பில் பணத்தை இழுத்தடித்தால் சிவில் கோர்ட்தான். தவணை பாக்கி இருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை. இதில் சேர்வதானால், பில் கொடுத்து எத்தனை நாளில் பணம் வரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

என் யோசனை இது. இரண்டாவது நிறுவனத்துக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "திங்கட்கிழமை சேரத் தயாராக இருக்கிறேன். சான்றிதழ்களின் அசலைச் சரிபார்ப்புக்குக் கொண்டுவருகிறேன், நகல் தருகிறேன். செக் தர இயலாது. பாண்ட் தொகை, நான் வேலை பார்க்கும் மாதங்களுக்கு ஏற்பக் குறைந்துகொண்டே வருமாறு மாற்றித் தர வேண்டுகிறேன்." கடைசி வேண்டுகோளை மறுத்தாலும் சேரலாம். செக்கிலும் சான்றிதழிலும் பிடிவாதமாக இருந்தால் மூன்றாவது இடத்துக்குப் போங்கள்.

அப்புறம் முதல் நிறுவனத்தின் நியமன ஆணை வந்தால் மாறலாம், ஆனால் முறையாக. தகுதிகாண் காலத்தில் நோட்டீஸ் எத்தனை நாள் என்று பாருங்கள், ராஜினாமாவை எழுத்தில் கொடுங்கள், ரிலீவிங் லெட்டர் வாங்குங்கள். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். நடுவில் வேலை பார்த்ததை மறைக்கவும் வேண்டாம். பிஎஃப் கட்டியிருந்தால் யுஏஎன் (பிஎஃப்புக்கான உங்கள் நிரந்தர எண்) பதிவில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கும், பின்னணிச் சரிபார்ப்பில் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். பாண்ட் தொகையைக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால் பதில் அனுப்பாமல் விடாதீர்கள். உங்களுக்காகச் செய்த செலவுக்குக் கணக்கு கேளுங்கள், பேசித் தொகையைக் குறைக்க இடம் இருக்கும்.

இதோடு வங்கிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். நியமன ஆணையின் நகலை இணைத்து, தவணையை மாற்றியமைத்துத் தரக் கேட்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். வசூல் ஏஜென்ட்கள் காலை 8 மணிக்கு முன்போ மாலை 7 மணிக்குப் பின்போ கடன் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. மீறினால் தேதி, நேரத்தோடு வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள்.